ஒரே பர்னஸுக்கு ஏழு பெயர்: ஈஆர்பிநெக்ஸ்ட்டில் பாதுகாப்புப் பதிவு போட்ட அனுபவம்

கோயம்புத்தூர் பக்கம் ஒரு பவுண்டரியில் வேலை. பம்பு, மோட்டாருக்கான வார்ப்புகள் ஊற்றுகிறோம், பக்கத்திலேயே சின்னதாக ஒரு மெஷின் ஷாப். சொந்த ஆட்கள் 110 பேர், கான்ட்ராக்டில் எழுபது எண்பது பேர், அவர்களில் பெரும்பாலோர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட். நான் கம்ப்யூட்டர் செக்‌ஷன். பில் பிரிண்ட் ஆகவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், பயோமெட்ரிக்கில் விரல் ஏறவில்லை என்றாலும் என்னைத்தான். பாதுகாப்பு என் வேலையே இல்லை. ஆனால் அப்போதிருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில்தான் தனியாக ஒரு பாதுகாப்பு அலுவலர் கட்டாயமாக இருந்தது, எங்களை மாதிரி இடங்களில் அது யார் கை காலியாக இருக்கிறதோ அவர் தலையில் விழும்.

2023 ஜூனில் ஒரு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர் கிரேன் பக்கம் நின்றுகொண்டு, மோல்டிங் பாக்ஸுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்த பையனைக் காட்டி, "இவருக்கு ஸ்லிங் ட்ரெயினிங் கொடுத்த ரெக்கார்டை எடுங்க" என்றார். அவ்வளவுதான் கேட்டார். எச்ஆர் மேடம் பீரோவைத் திறந்தார், நான் எக்ஸெல்லைத் திறந்தேன், ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு கையெழுத்துத் தாள் கிடைத்தது. தேதி 2021. அதில் ஆறு கையெழுத்து ஒரே பேனாவில் ஒரே கை போட்ட மாதிரி இருந்ததை அவரும் பார்த்தார், நாங்களும் பார்த்தோம், யாரும் எதுவும் பேசவில்லை. ரிப்போர்ட்டில் மட்டும் எழுதிவிட்டார்.

எம்டி கேட்டது, "இதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் வாங்கிடலாமா?" விசாரித்தேன். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள், இருநூறு பேருக்குப் பெருக்கினால் அவருக்கே மூச்சு முட்டியது. ஸ்டோர்ஸுக்கும் பர்ச்சேஸுக்கும் ஏற்கெனவே ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற கம்பெனி நிர்வாக சாஃப்ட்வேரின் 14ஆம் பதிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தப் பதிப்பில் எச்ஆர் பகுதியைத் தனி ஆப்பாகப் பிரித்துவிட்டார்கள், அதையும் அட்டெண்டன்ஸுக்காகப் போட்டு வைத்திருந்தோம். சரி, இதிலேயே செய்துவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

பயிற்சிக்கு அதில் தயாராகவே நாலு படிவம் உண்டு. ட்ரெயினிங் புரோகிராம் என்றால் பாடம், ட்ரெயினிங் ஈவென்ட் என்றால் அந்தப் பாடம் நடந்த நாள், யார் வந்தார் யார் வரவில்லை என்ற பட்டியல் அதற்குள்ளேயே இருக்கும், அப்புறம் ரிசல்ட், ஃபீட்பேக். யார் எந்தப் பயிற்சிக்கு வந்தார் என்பது வரைக்கும் இது போதும். எங்களுக்கு வேண்டியது இன்னொன்று: இந்தப் பயிற்சி எப்போது காலாவதி ஆகிறது, முடிவதற்கு முன்னால் எனக்கு யார் சொல்வார்கள். அது அதில் இல்லை.

இங்கே முதல் தப்பு. எம்ப்ளாயி படிவத்துக்குள்ளேயே ஒரு குட்டி அட்டவணை சேர்த்து, பயிற்சிப் பெயர், தேதி, முடியும் தேதி என்று மூன்று கட்டம் போட்டேன், பார்க்கவும் அழகாக இருந்தது, மூன்று நாள் உட்கார்ந்து பழைய எக்ஸெல்லை எல்லாம் உள்ளே ஏற்றிய பிறகு நோட்டிஃபிகேஷன் வைக்கப் போனால், "இத்தனை நாளுக்கு முன்" என்ற இடத்தில் முதன்மைப் படிவத்தில் உள்ள தேதிகள் மட்டும்தான் வருகின்றன. உள் அட்டவணையின் தேதி பட்டியலிலேயே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு "சேஃப்டி சான்று" என்று தனிப் படிவமே (இதில் அதற்கு டாக்டைப் என்று பெயர்) ஒன்று போட்டேன். ஒரு சான்றுக்கு ஒரு பதிவு: யாருக்கு, எதற்கு, கொடுத்த தேதி, முடியும் தேதி, ஸ்கேன். கிரேன் செயினுக்கும் இதிலேயே சான்று ஏற்றலாம் என்று அப்புறம்தான் தோன்றியது. தூக்கும் சாதனம், செயின், கயிறு எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் இருந்தது. "யாருக்கு" என்பதை "யாருக்கு / எந்தப் பொருளுக்கு" என்று மாற்றினேன், மெயிண்டனன்ஸ் ஃபோர்மேன் தன் டைரியில் எழுதி வைத்திருந்ததெல்லாம் உள்ளே வந்துவிட்டது.

இரண்டாவது தப்பு இன்னும் அசிங்கமானது. செப்டம்பரில் சர்வரை ஆபீஸ் மெஷினிலிருந்து கிளவுடுக்கு மாற்றினோம். பேக்கப்பை ஏற்றினேன், லாகின் ஆகிறது, இன்வாய்ஸ் வருகிறது, எல்லாம் சரி என்று கிளம்பிவிட்டேன். பதினேழு நாள் ஷெட்யூலர் (குறித்த நேர வேலைகளைத் தானாக ஓட்டும் பகுதி) அணைந்தே கிடந்திருக்கிறது. நினைவூட்டல் எதுவுமே போகவில்லை, வரவில்லையே என்று யாரும் தேடவும் இல்லை, ஏனென்றால் வராத மெயிலை யார் கவனிப்பார்கள். ஷெட்யூலரை ஆன் செய்தால் விட்டுப்போனதெல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். போகாது. 30 நாளுக்கு முன் என்று வைத்தால் சரியாக அந்த முப்பதாவது நாளில் உள்ளதை மட்டும்தான் எடுக்கும், அன்றைக்கு ஓடவில்லை என்றால் அந்த ஆளுக்கு அந்த நினைவூட்டல் கிடையவே கிடையாது. இப்போது 30, 15, 3 என்று மூன்று வைத்திருக்கிறேன். அது போக, இன்னும் எத்தனை நாள் மீதி என்று காட்டும் ஒரு ரிப்போர்ட்டைத் திங்கட்கிழமை காலையில் நானே பிரிண்ட் எடுத்து டைம் ஆபீஸ் போர்டில் ஒட்டுகிறேன். கம்ப்யூட்டர்காரன் பேப்பர் ஒட்டுகிறான் என்று சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

கான்ட்ராக்ட் ஆட்களைச் சேர்ப்பதில் வேறு பிரச்சினை. செயின் மாட்டுவது, ஃபெட்லிங் (வார்ப்பின் பிசிறைத் தேய்த்து எடுப்பது), ஸ்க்ராப் ஏற்றுவது எல்லாம் அவர்கள்தான், ஆனால் எம்ப்ளாயி மாஸ்டரில் அவர்கள் பெயரே இல்லை, பயிற்சிப் பதிவு மட்டும் எப்படி இருக்கும். தனி நம்பர் வரிசையில் கான்ட்ராக்ட் என்று வகை குறித்து எல்லோரையும் ஏற்றினோம். அந்தப் படிவம் பிறந்த தேதி இல்லாமல் சேவ் ஆகாது. சிலருடைய ஆதாரில் வருடம் மட்டும்தான், பலருக்கு ஜனவரி 1 என்றே இருக்கிறது, தெரியாதவர்களுக்கு டைம் ஆபீஸ் தம்பியும் ஜனவரி 1 என்றே அடித்துவிட்டான். 2024 புத்தாண்டு காலையில் மெயில் ஐடி உள்ள அத்தனை பேருக்கும் ஒரு வாழ்த்து மெயில்: இன்று 43 பேருக்குப் பிறந்தநாள். எச்ஆர் செட்டிங்ஸில் ஒரு டிக்கை எடுத்தால் போதும், எடுத்துவிட்டேன். எம்டி மட்டும் இன்னும் விடவில்லை, கேக் எங்கே என்று கேட்கிறார்.

கையெழுத்துத் தாள் விஷயத்துக்கு சாஃப்ட்வேரில் மருந்து இல்லை. தமிழில் நடத்திய வகுப்பில் உட்கார்ந்துவிட்டு "பிரசன்ட்" ஆனவனுக்கு என்ன புரிந்தது என்று எந்தக் கட்டமும் சொல்லாது. அதனால் ரிசல்ட்டில் மார்க்கை விட்டுவிட்டு, ஃபோர்மேன் அண்ணன் முன்னால் செய்து காட்ட வேண்டும் என்று வைத்தோம்: செயினில் நீண்டுபோன கண்ணி எது என்று மூன்று செயினிலிருந்து எடுத்துக் காட்டு, சுமைக்கு அடியில் நிற்காமல் கைச்சைகை காட்டு. அண்ணன் மொபைலில் முப்பது விநாடி வீடியோ எடுத்து அனுப்புவார், நான் சான்றோடு சேர்த்து வைப்பேன். முதல் சுற்றில் சொந்த ஆட்களிலேயே நாலு பேர் தேறவில்லை. இருபது வருட சர்வீஸ்.

இனி விபத்துப் பதிவு. இதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

ஒரு பெரிய கம்பெனியின் மாதிரிப் படிவத்தைப் பார்த்து அப்படியே செய்தேன். 34 கட்டம். விபத்தின் வகை, உடல் பகுதி, உடனடிக் காரணம், மூல காரணம், அப்போதைய வெளிச்சம், தவறு செய்தவர் பெயர் வரை. பெருமையாகத்தான் இருந்தது. ஆறு வாரத்தில் ஒரே ஒரு பதிவு வந்தது, அது நானே சோதனைக்குப் போட்டது. ஃபெட்லிங்கில் ஒரு பெரியவரிடம் கேட்டேன், ஏன் யாருமே எழுத மாட்டேன் என்கிறார்கள் என்று. "ஏனுங் தம்பி, இதுல எம்பேரு வருமாங்?" என்றார். வரும் என்றேன். "அப்புறம் எப்படீங்?" என்று கிரைண்டரை ஆன் செய்துவிட்டார்.

தவறு செய்தவர் பெயர் என்ற கட்டத்தை அன்றைக்கே எடுத்தேன். மொத்தமாக நாலே கட்டம் வைத்தேன்: எங்கே, என்ன, காயம் உண்டா, போட்டோ. பெயர் விருப்பமிருந்தால். மீதியெல்லாம் பிறகு விசாரிப்பவர் நிரப்ப வேண்டியது, எழுதுபவருக்குக் கண்ணிலேயே படாது. லாகின் இல்லாமல் திறக்கும் வெப் ஃபார்ம். அப்படி லாகின் இல்லாதவர்கள் போட்டோ ஏற்ற சிஸ்டம் செட்டிங்ஸில் தனியாக ஒரு அனுமதி கொடுக்க வேண்டும், அது தெரியாமல் அரை நாள் போனது. அதைத் திறந்து வைத்தால் வெளியிலிருந்தும் எவனாவது ஏற்றலாம் என்பதால் ஃபேக்டரி நெட்வொர்க்குக்குள் மட்டும் அந்தப் பக்கம் திறக்கும்படி கட்டினேன்.

க்யூஆர் ஸ்டிக்கர் அடித்து ஒட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது, ஷாப் ஃபுளோரில் போனுக்குத் தடை. நாமே போட்ட தடை. பழைய டேப்லெட் ஒன்றை டீ கவுண்டர் பக்கத்தில் மாட்டினேன், யாரும் தொடவில்லை, ஏனென்றால் அங்கேதான் சூப்பர்வைசர்கள் நின்று டீ குடிப்பார்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் லாக்கர் ரூம் சுவருக்கு மாற்றினேன். முதல் வாரமே ஆறு வந்தது.

எங்கே என்ற கட்டத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டிருந்தேன். சௌகரியமாக இருக்குமே என்று. மாதக் கடைசியில் இடவாரியாக ஒரு பார் சார்ட் எடுத்தால் முதலிடம் கேன்டீன், ஐந்து பதிவு, எல்லாம் தரை வழுக்குகிறது என்று. ரப்பர் மேட் வாங்கிப் போட்டோம், எல்லோருக்கும் திருப்தி. நவம்பர் கடைசியில் ஒரு நாள் கரண்ட் இல்லாத மாலையில் லேப்டாப்பில் சும்மா பதிவுகளைக் கீழே தள்ளிக்கொண்டே போனபோதுதான் பட்டது. பர்னஸ். பர்னேஸ். ஃபர்னஸ். உலை. உலைபக்கம். மெல்டிங். 2ம் நம்பர். ஏழும் ஒரே இடம். சார்ட்டில் ஒவ்வொன்றும் ஒன்று, இரண்டு என்று சிதறிக் கீழே கிடந்தது. சேர்த்தால் ஐந்து வாரத்தில் ஒன்பது.

"சார்ஜ் போடும்போது டப்புனு சத்தம் பொறி கைல பட்டுச்சு." "உலைபக்கம் தெறிச்சது காயம் இல்லை." "மெல்டிங் மேல தெறிச்சு ஷீட்ல ஓட்டை." எல்லாம் இந்த ரகம். சார்ஜ் என்றால் உலையில் கொட்டும் ஸ்க்ராப். நேரத்தைப் பார்த்தேன், ஒன்பதில் எட்டு காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள். பதிவான நேரத்தை சிஸ்டமே போடும், அதனால் அதை நம்பலாம், ஷிப்ட் முடிந்து போகும் நைட் ஆட்கள் எழுதியது. மறுநாள் காலையில் ஃபோர்மேன் அண்ணனோடு ஸ்க்ராப் யார்டுக்குப் போனேன். கூரையில் ஒரு மூலையில் இரண்டு ஷீட் விலகியிருக்கிறது, ராத்திரி மழை நேராக ஸ்க்ராப் மேல். பகலில் வெயிலில் காய்ந்துவிடும், விடிகாலையில் எடுக்கும் கூடை மட்டும் ஈரம்.

ஈர ஸ்க்ராப் என்றால் என்ன ஆகும் என்று பவுண்டரியில் எல்லோருக்கும் தெரியும். காலியான உலையில் போட்டால் சூடு ஏற ஏற காய்ந்துவிடும். ஏற்கெனவே உருகி நிற்கிற இரும்பின் மேல் அடுத்த கூடையைக் கொட்டும்போதுதான் ஆபத்து, 1400 டிகிரிக்கு மேல் கொதிக்கும் உலோகத்துக்கு அடியில் தண்ணீர் மாட்டிக்கொண்டால் அந்த நொடியே ஆவியாகி ஏறக்குறைய 1700 மடங்கு இடம் கேட்கும், மேலே இருக்கிற உலோகத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் வெளியே வரும். இரண்டு பக்கமும் அடைபட்ட பைப் துண்டுக்குள் தண்ணீரோ எண்ணெயோ இருந்தாலும் இதே கதை. தெரிந்தும் ஏன் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை என்று மெல்டர் ஒருவரிடம் கேட்டேன். "மழைக்காலத்துல எப்பவும் அப்படித்தானுங்க" என்றார். ஷீட்டை மாற்ற ஒரு நாள் வேலை. காலை சார்ஜுக்கான ஸ்க்ராப்பை முதல் நாள் மதியமே உள்ளே எடுத்து வைப்பது என்றும் முடிவாயிற்று, அடைபட்ட பைப்பை யார்டிலேயே வெட்டித் திறந்துவிட வேண்டும் என்பதைப் போர்டில் பெரிதாக எழுதினோம்.

இடக் கட்டத்தை அன்றைக்கே மாற்றினேன். ஃபேக்டரியை ஒன்பதாகப் பிரித்து மஞ்சள் போர்டில் ஒரு அடி உயரத்துக்கு 1, 2, 3 என்று பெயின்ட் அடித்து மாட்டினோம், ஃபார்மில் அந்த எண்ணைத் தொட்டால் போதும். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கும் இது வேலை செய்கிறது. "என்ன" என்ற இடத்தில் இந்தியில் எழுதுகிறார்கள், கோர் ஷாப்பில் இரண்டு மொழியும் தெரிந்த பையன் படித்துச் சொல்வான்.

டிசம்பரில் நிஜமாகவே ஒரு காயம். சனிக்கிழமை சாயங்காலம் கை கிரைண்டர் நழுவி உள்ளங்கையில் வெட்டு. இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டார்கள், இஎஸ்ஐக்கான விபத்து அறிக்கை, படிவம் 12, போயிற்று. ஒருவர் காயத்தால் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவிக்க வேண்டும். ஞாயிறு லீவு, திங்கள் அவர் வரவில்லை, கான்ட்ராக்ட் ஆள் என்பதால் ஊருக்குப் போயிருப்பார் என்று சூப்பர்வைசர் நினைத்துவிட்டார், 48 மணி தாண்டியது செவ்வாய் காலைதான் தெரிந்தது. ஓடிப்போய் அனுப்பினோம். நோட்டிஃபிகேஷனில் "நாளுக்குப் பின்" என்றுதான் வைக்க முடியும், தினம் ஒரு தடவைதான் பார்க்கும், மணிக்கணக்கு அதற்குத் தெரியாது. அதனால் மணிக்கு ஒருமுறை ஓடுகிற மாதிரி சின்னதாக ஒரு சர்வர் ஸ்கிரிப்ட், அதாவது சிஸ்டத்துக்குள் நாமே எழுதி வைக்கும் குட்டி நிரல்: காயம் உண்டு என்று இருந்து, வேலைக்குத் திரும்பிய நேரம் காலியாக இருந்து, 36 மணி ஆகிவிட்டால் எச்ஆருக்கும் ஃபேக்டரி மேனேஜருக்கும் எனக்கும் எஸ்எம்எஸ். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு தடவை அடித்து மேனேஜர் என்னைத் திட்டினார், ஆனால் போன் போட்டு அந்த ஆளைக் கேட்டார்.

பதிவுகளை முடித்துவைப்பதில் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதத்தில் முடித்த 26 பதிவில் 19க்கு எடுத்த நடவடிக்கை ஒரே வாசகம்: "கவனமாக இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டது." காப்பி பேஸ்ட். சரி, நடவடிக்கை எடுத்தவரே முடித்துவைக்கக் கூடாது என்று ஒர்க்ஃபுளோவில் (பதிவு யார் யார் கை மாறி முடியும் என்று வைக்கும் அமைப்பு) சுய ஒப்புதல் டிக்கை எடுத்தேன். ஒன்றும் மாறவில்லை, அதே ஆட்கள் முடித்துக்கொண்டேதான் இருந்தார்கள். அந்த டிக் பார்ப்பது பதிவை உருவாக்கியவரை. எங்கள் பதிவெல்லாம் லாகின் இல்லாமல் வருவதால் உருவாக்கியவர் பெயர் கெஸ்ட், ஆக யார் வேண்டுமானாலும் முடிக்கலாம். நடவடிக்கை எடுத்தவர் என்று தனிக் கட்டம் வைத்து, அவரும் முடிப்பவரும் ஒன்றாக இருந்தால் பட்டனே தெரியாதபடி நிபந்தனை எழுதினேன், வேலை முடிந்த போட்டோவும் கட்டாயம். அறிவுரைக்குப் போட்டோ எடுக்க முடியாதே. ஒரு புத்திசாலி மட்டும் வகுப்பெடுக்கும் போட்டோவை ஏற்றினார், திருப்பி அனுப்பினேன்.

பிப்ரவரியில் எம்டி சார்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "சாஃப்ட்வேர் வந்த பிறகு விபத்து நாலு மடங்கு ஆயிடுச்சே?" நியாயமான கேள்விதான். அவர் ரூம் சுவரில் யாரோ கொடுத்த பிரமிட் போஸ்டர் தொங்குகிறது, 1931இல் ஹெய்ன்ரிக் சொன்ன 1, 29, 300 கணக்கு, ஒரு பெரிய காயத்துக்கு அடியில் சின்னக் காயங்கள் 29, காயமில்லாத சம்பவங்கள் 300 என்று. அந்த எண்களை இன்றைக்குப் பலர் ஏற்பதில்லை, நானும் நம்பவில்லை, ஆனால் போஸ்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் அதைக் காட்டியே பேசினேன். காயம் உள்ளதையும் இல்லாததையும் இரண்டு சார்ட்டாகப் பிரித்துக் கொடுத்தேன். காயமில்லாதது கூடியிருக்கிறது, காயம் ஏறக்குறைய அப்படியேதான், ஏழெட்டு மாதத்தில் அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். மாதம் அதிகப் பதிவு போடும் பிரிவுக்குப் பரிசு கொடுக்கலாம் என்றார். வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன், அடுத்த மாதமே லைட் ஃப்யூஸ் ஆனதையெல்லாம் எழுதித் தள்ளிவிடுவார்கள்.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்துக்குப் பரிசுக்குப் பதிலாக, ஷீட் மாற்றியது, மேட் போட்டது, செயின் கழித்தது என்று முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்களைப் பிரிண்ட் போட்டு லாக்கர் ரூமில் ஒட்டினோம். யார் எழுதியது என்று போடவில்லை.

இப்போது பாக்கி இருப்பது பதிப்பு 15க்கு மாற்றுவது. அதில் சர்வர் ஸ்கிரிப்ட் தானாக ஓடாது, கான்ஃபிகில் போய் நாமே ஆன் செய்ய வேண்டும், செய்ய மறந்தால் அந்த 36 மணி அலாரம் சத்தமில்லாமல் செத்துவிடும். அதனால் மைக்ரேஷன் லிஸ்ட்டில் முதல் வரியாக ஷெட்யூலர், இரண்டாவது வரியாக ஸ்கிரிப்ட் என்று எழுதி மானிட்டர் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். இன்று காலை வந்த பதிவு: எண் 4, ஃபேன் வயர் தொங்குது. போட்டோவில் பாதி எடுத்தவரின் கட்டைவிரல்தான். எலெக்ட்ரீஷியனுக்குத் தள்ளிவிட்டிருக்கிறேன், இன்னும் ஓபனில்தான் இருக்கிறது.